ஒரு சின்ன மூடி செய்த வேலை

மலேசியாவின் முதல் நுண் துணைக்கோளமான தியுங்சாட்-1, 2000 செப்டம்பர் 26-இல் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. அமெச்சூர் வானொலி அன்பர்களுக்கும் அது பயன்பட்டது. இத்தகைய சிறு துணைக்கோளங்களில் பெரும்பாலும் இயந்திரம் இருக்காது. ராக்கெட் விட்ட பாதையிலேயே அவை சுற்றும்.

அதே ஆண்டு நவம்பர் 16-இல் ஏரியன்-5 ராக்கெட்டில் சென்ற ஆஸ்கார்-40 அப்படியல்ல. பல நாட்டு வானொலித் தொண்டர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கியது அது. ராக்கெட் விட்டதோ தற்காலிகப் பாதை. சொந்த இயந்திரத்தை இயக்கித்தான் நிரந்தரப் பாதைக்குப் போக வேண்டும்.

டிசம்பர் 13. இயந்திரத்தில் விபத்து. துணைக்கோளம் மௌனமானது. தரையிலிருந்தவர்கள் கைவிடவில்லை, மீண்டும் மீண்டும் கட்டளை அனுப்பினார்கள். டிசம்பர் 25-இல் பதில் வந்தது! ஆனால் சில கருவிகள் பாழாகியிருந்தன; திட்டமிட்ட பாதையும் கிட்டவில்லை. ஆனாலும் 2004 ஜனவரி வரை அது உழைத்தது.

என்ன நடந்தது? இயந்திர வால்வின் காற்றுத் துளையில் இருந்த பாதுகாப்பு மூடியை, ஏவுமுன் யாரும் கழற்றவில்லை என்பதே ஆய்ந்தவர்களின் முடிவு.

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இது புரியும். தரையில் ஒரு நிமிடம் சரிபார்த்தால் போதும். மேலே போன பிறகு கை எட்டாது.