கண்மாய் மீன்கள்

கோட்டைப்பட்டினத்துப் படகுகள் கொண்டுவருவது பாக் நீரிணை மீன். மேற்கே அறந்தாங்கிப் பக்கம் போனால் கண்மாய் மீன்கள். செதில் இல்லாமல் மீசை இருந்தால் கெளுத்தி இனம். கெண்டைக்குத் தாடையில் பல்லே கிடையாது, தொண்டைக்குள்தான். பாம்புத் தலையும் நீண்ட முதுகுத் துடுப்பும் இருந்தால் விரால். அது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். தாயும் தகப்பனுமாகக் குஞ்சுகளைக் காவல் காக்கும். அந்தக் குஞ்சுக் கூட்டத்தைச் சிலர் வலைபோட்டு அள்ளுவதுதான் பொறுக்க முடியவில்லை.

ஆபத்து அது மட்டுமல்ல. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன், முட்டையை வாய்க்குள் அடைகாத்துப் பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. வயல் பூச்சிமருந்து வடிவதும், மோட்டார் வைத்துத் தண்ணீரை அடியோடு இறைப்பதும் சேற்றில் கிடக்கும் அயிரையைக்கூட விடுவதில்லை. அடுத்த மழைக்கு முட்டையிடத் தாய்மீன் வேண்டுமே. கண்மாயில் ஒரு குழித் தண்ணீராவது மிச்சம் வையுங்கள்.