பிரதமையும் படிப்பும்

(ஒரு கிராமப் படிப்பகத் திறப்பு விழாவில் செய்த பிரசங்கம்)



இப்படிப்பகத்தை இன்று திறப்பதாக அழைப்பு வெளியானது முதல், "இன்று பாட்டிமை ஆயிற்றே, நாளைக்கு வைத்துக் கொள்ளக் கூடாதா?" என்று பலர் நம்மிடம் கேட்டு விட்டார்கள். கேட்டவர்களில் நம் இயக்கத்தவர்கள் என்று சொல்லிக் கொள்ளுகிறவர்களும் இரண்டொருவர் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டோம். முன் வரிசையில்தான் இருக்கிறார்கள். (சிரிப்பு)

ஞாயிற்றுக்கிழமையானால் வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடும் என்றுதான் இந்த நாளை வைத்தோமே தவிர, பிரதமையைத் தேடிப் பிடித்து வைக்கவில்லை. ஆனாலும் கேள்வி வந்து விட்டபடியால் பதில் சொல்ல வேண்டியது நமது கடமையாகின்றது.

பிரதமை என்பது என்ன? சந்திரன் சூரியனை விட்டு விலகுகின்ற ஒவ்வொரு 12 பாகைக்கும் ஒரு திதி என்று பெயர். 30 திதி சேர்ந்தால் 360 பாகை; அதற்குச் சுமார் இருபத்தொன்பதரை நாள் ஆகின்றது. அமாவாசை முடிந்தவுடன் வரும் முதல் 12 பாகையும், பௌர்ணமி முடிந்தவுடன் வரும் முதல் 12 பாகையும் பிரதமையாகும். இது வெறும் கணக்கு. கணக்குப் போட்டவர்களை நாம் குறை சொல்லவில்லை, அவர்கள் கெட்டிக்காரர்களே. அக்கணக்கின் தலையில் நல்லது கெட்டதை ஏற்றிப் பிழைப்பு நடத்தினவர்களைப் பற்றித்தான் நாம் பேசுகின்றோம்.

பிரதமையில் என்ன கெடுதி என்று கேட்டால், சந்திரனுக்குப் பலமில்லை என்கிறார்கள். அமாவாசைக்கு மறுநாள் சந்திரன் கண்ணுக்கே தெரிவதில்லை. சரி என்றே வைத்துக் கொள்ளுவோம். பௌர்ணமிக்கு மறுநாள் ஏறக்குறைய முழுச் சந்திரன் இரவெல்லாம் காய்கின்றதே, அன்றைக்கும் ஏன் ஆகாது? போகட்டும், வாக்கியப் பஞ்சாங்கத்தையும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பிரதமை முடிந்து போயிருக்கும். மற்றொன்றில் இன்னும் மணிக்கணக்கில் பாக்கி இருக்கும். கெடுதி எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வரும் என்று கேட்கின்றோம்.

இன்னொரு வேடிக்கை. ஆந்திரத்தாரும் கன்னடத்தாரும் யுகாதி கொண்டாடுவது சித்திரை மாதத்து வளர்பிறைப் பிரதமையில். அதே நாளில் மராட்டியர் கொண்டாடும் குடி பாட்வாவில் பாட்வா என்பதற்கே பிரதமை என்றுதான் அர்த்தம். தீபாவளி அமாவாசைக்கு அடுத்த பிரதமை குஜராத்தியருக்குப் புதுவருஷம். இங்கே நவராத்திரிக் கொலு வைத்துப் பூசை தொடங்குவதும் ஒரு பிரதமையில்தான். அம்மனுக்கு ஆகிற நாள் அரிச்சுவடிக்கு ஆகாதாம்!

அப்படியானால் படிப்புக்கும் பிரதமைக்கும் பகை எங்கிருந்து வந்தது? இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வேதம் ஓதுகிறவர்கள் அஷ்டமி, சதுர்தசி, அமாவாசை, பௌர்ணமி, பிரதமை முதலிய நாட்களில் பாடம் நடத்துவதில்லை. அதற்கு அனத்தியயனம், அதாவது ஓதாத நாள், என்று பெயர். வால்மீகி ராமாயணத்தின் சுந்தரகாண்டத்தில் சீதை இளைத்துப் போனதற்கு உவமையாகவே இந்தப் பிரதமைப் படிப்பைச் சொல்லியிருக்கின்றது. ஆகவே இது வேத பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட லீவு நாள். மாதம் முழுவதும் ஓதுகிறவனுக்கு நடுவில் ஓய்வு வேண்டியதுதான். அதில் நமக்கு வழக்கில்லை.

ஆனால் நமக்கும் அந்த லீவுக்கும் என்ன சம்பந்தம்? வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுடைய காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்று என்று கௌதம தர்மசூத்திரம் சொல்லுகின்றது. அதாவது நமக்கு முப்பது திதியும் அனத்தியயனம்! அவன் வைத்த லீவை, பள்ளிக்கூடத்து வாசலையே காணாதவன் அனுஷ்டிக்கிறான் என்றால், வேலையே கொடுக்கப்படாதவன் விடுமுறை கொண்டாடுவது போலல்லவா இருக்கின்றது?

இது வெறும் சிரிப்புக்குரிய சங்கதி மாத்திரமல்ல, தாய்மார்களே. நாம் ஐந்தாம் வகுப்பு முடித்ததும், பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேரக் கடைசி நாளன்று நம் தகப்பனார் நம்மை அழைத்துக் கொண்டு புறப்பட்டார். திண்ணையில் இருந்த ஆத்தாள், "பாட்டிமையும் அதுவுமாகப் பிள்ளையைக் கூட்டிப் போகாதேடா, நாளைக்குப் போ" என்றாள். பேரன்மேல் உள்ள பிரியத்தால் சொன்னாள். படிப்பு ஏறாமல் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. மறுநாள் போனோம். இடம் முடிந்து விட்டது, அடுத்த வருஷம் வா என்றார்கள். அடுத்த வருஷம் வருவதற்குள் நம் கையில் மாட்டுக்கயிறு வந்து விட்டது. அப்புறம் நாம் படித்ததெல்லாம் இதைப் போன்ற ஒரு படிப்பகத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, தெரியாத வார்த்தையை வருகிறவர் போகிறவரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதுதான். ஆத்தாள்மேல் நமக்குக் கோபமில்லை. அவளுக்கும் யாரும் எழுத்தைக் காட்டவில்லை.

அதிகம் பேசிவிட்டோம். மாலைநேர வகுப்பில் சேருகிற பிள்ளைகளுக்காக மேஜைமேல் நோட்டுப் புத்தகமும் பேனாவும் வைத்திருக்கின்றது. பெரியவர்களும் சேரலாம், சம்பளம் கிடையாது. பஞ்சாங்கப்படி பிரதமை இன்று இரவு வரையில் இருக்கின்றதாம். அதற்குள் வந்து பெயர் எழுதிக் கொள்ளுங்கள்.