பாட்டன் பேரும், நாம் எடுக்கும் பேரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் ஒரு ஜெர்மன் கம்பெனியில் எஞ்ஜினீயர். எங்கள் டெலிபோன் பட்டியலில் ‘பெக்கர்’ என்ற பெயர் வரிசையாக வரும். “எல்லாரும் சொந்தக்காரங்களா?” என்று கேட்டால் சிரிப்பார்கள். ஜெர்மனியில் அதிகம் வழங்கும் முதல் பத்துக் குடும்பப் பெயர்களில் அதுவும் ஒன்று. அர்த்தம், ரொட்டி சுடுகிறவர். அவ்வளவுதான்! எழுத்துமுறை ஒழுங்காவதற்கு முன்பே குடும்பப் பெயர்கள் நிலைத்துவிட்டதால், தொழிலின் பெயரை இன்று ஒரு விதமாகவும் குடும்பப் பெயரை வேறு விதமாகவும் எழுதுகிறார்கள்.

எந்தக் காலத்திலோ ஒரு பாட்டன் அடுப்படியில் நின்றார். பேரப்பிள்ளைகள் எங்கே போனார்கள் பாருங்கள். போரிஸ் பெக்கர் 1985-ல், 17 வயதில், விம்பிள்டன் பட்டம் வென்றார். ஓட்டோ பெக்கர் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் குதிரையேற்ற அணியில் தங்கம் வாங்கினார். பென் பெக்கரும் தங்கை மேரெட் பெக்கரும் நடிப்புக்குப் போனார்கள்.

கடல் கடந்தும் போயிருக்கிறது இந்தப் பெயர். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பெக்கர் என்று ஒரு மாவட்டமும் ஓர் ஊரும் உண்டு. மாநிலம் உருவான 1858-ல் பாராளுமன்றத்துக்கு மூன்று பேர் தேர்வாகியிருக்க, கிடைத்தது இரண்டே இடம். இடம் கிடைக்காமல் போனவர் ஜார்ஜ் பெக்கர். அவர் பெயரைத்தான் அந்த மாவட்டத்துக்கு வைத்தார்கள். பெக்கர் ஊரில் பெரிய அனல் மின்நிலையம் இருக்கிறது. 2023 கடைசியில் அதன் ஒரு யூனிட்டை மூடினார்கள். பக்கத்திலேயே சூரிய மின்சாரம் வந்துவிட்டது. ரொட்டிக்காரர் பெயரில் இன்று மின்சாரம் தயாராகிறது!

பெயர் யாரையும் காப்பாற்றியும் விடாது. அதே போரிஸ் பெக்கர், திவால் வழக்கில் சொத்து விவரத்தை மறைத்த குற்றத்துக்காக, 2022-ல் லண்டனில் சிறைக்குப் போனார்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். இன்டர்வியூவில் “அப்பா என்ன பண்றார்?” என்று கேட்டால் சிலருக்குக் குரல் இறங்கிவிடுகிறது. என் அப்பா லாரி டிரைவர். தலைநிமிர்ந்துதான் சொல்வேன். அங்கே பாட்டன் தொழிலை வாசல் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், யாரும் கூசுவதில்லை. யாரையும் அடுப்படியிலேயே நிறுத்தி வைப்பதுமில்லை. பாட்டன் பேர் தானாக வரும். நல்ல பேரை நாம்தான் எடுக்கணும்.