போரை எதிர்ப்போம், போனவரிடம் பேசுவோம்

(டி. கல்லுப்பட்டியில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சற்று முன் பறையும் கிதாரும் சேர்ந்து ஒலித்தன. பாட்டு முடிந்ததும் ஒரு தம்பி கேட்டார்: "போரை எதிர்த்துப் பாடினால் பட்டாளத்துக்காரரை அவமதிப்பதாகாதா?"

அந்தக் கேள்வி எனக்கு வீட்டுக் கேள்வி. என் சித்தப்பா 1987இல் அமைதிப் படையில் இலங்கைக்குப் போனவர். 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் சென்னை வந்து இறங்கியபோது, முதல்வர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. அது சரி என்பதுதான் என் கருத்து. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் அந்தப் படை சுட்டுக் கொன்றது. அதை மறைத்துவிட்டு மாலை போட முடியாது.

ஆனால் எங்கள் ஊர் சித்தப்பாவை ஒதுக்கியதற்குக் காரணம் யாழ்ப்பாணம் இல்லை. விடுப்பில் சீருடையோடு வந்தவருக்கும் டீக்கடையில் தனிக்குவளைதான். அந்தக் கை துப்பாக்கி பிடித்தது யாரையும் உறுத்தவில்லை. கண்ணாடி டம்ளரைப் பிடிப்பதுதான் உறுத்தியது.

ஏன் பட்டாளத்துக்கு அனுப்பினீர்கள் என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "நமக்கென்ன நெலமா இருந்துச்சு?" என்றார்.

அம்பேத்கர் 1891இல் மவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர். தந்தை ராம்ஜி, சுபேதார். பட்டாளத்துச் சம்பளமும் கல்வியும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வாசலைத் திறந்தன. தேவை தீர்ந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் மகர்களைச் சேர்ப்பதையே நிறுத்தியது.

வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்க ராக் பாடகர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 1969இல் 'ஃபார்ச்சுனேட் சன்' பாடலை எழுதிய ஜான் ஃபோகர்ட்டி, ராணுவத்தின் ரிசர்வ் படையில் இருந்தவர். கல்லூரியில் படித்தவர்கள் கட்டாய ராணுவச் சேவையைத் தள்ளிப்போட முடிந்தது. படிக்க வசதியில்லாதவர்கள் போனார்கள். அந்தப் பாட்டின் கோபம் போனவர்மீது இல்லை. தன் வீட்டுப் பிள்ளையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊரான் பிள்ளையை அனுப்பியவர்மீது.

இந்த ஊர் காந்தி நிகேதனில் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. காந்தியர்களோடு நமக்குத் தீராத கணக்கு உண்டு. ஆனாலும் கச்சாப் பொருளுக்கும் சந்தைக்கும் அலையும் பொருளாதாரம் போரில்தான் முடியும் என்று அவர் சொன்னது உண்மை. அதோடு நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அந்தப் போருக்கு அனுப்பப்படுவது யார் வீட்டுப் பிள்ளை?

ஏழை என்பதால் செய்தது இல்லை என்றாகிவிடாது. சித்தப்பா யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. "அங்கே என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்க எனக்கும் இதுவரை துணிவு வரவில்லை. ஆய்வுக்காக எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்கிறேன், அவரிடம் முடியவில்லை.

பாட்டுக் கட்டும் தோழர்களே, அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் தாயைப் பறிகொடுத்த ஒருவரும் என் சித்தப்பாவும் ஒரே திடலில் உட்கார்ந்து, இருவரும் எழுந்து போகாமல் கேட்கும் பாட்டாக அது இருக்கட்டும். அன்றைக்கு அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன்.