தெப்பக்குளத்து ரிக்கார்டு கடை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

1983-ல் என்னோடு உள்ளே வந்து 1986-ல் என்னோடு வெளியே போன நண்பர்களே,

"மறக்க முடியாத ஆசிரியர் ஒருத்தரைப் பத்தி பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் தமிழ்த்துறையில் தொடங்கி விடுதிக் காப்பாளர் வரை யாரையும் மிச்சம் வைக்கவில்லை. ஆகவே நான் கல்லூரி மதிலுக்கு வெளியே போகிறேன். அந்தக் காலத்தில் வகுப்பு நேரத்தில் போனது போலத்தான்.

திருச்சித் தெப்பக்குளத்தை ஒட்டிய சந்தில் ஒரு ரிக்கார்டு கடை இருந்தது. கீழே பாத்திரக் கடை. பக்கத்தில் ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய மரப்படி. மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. பலகையில் என்னவோ பெயர் எழுதியிருந்தது. நாம் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "பாய் கடைக்குப் போறேன்" என்போம். இங்கே தலையாட்டுகிறவர்களை எண்ணினாலே தெரிகிறது, அன்றைக்கு வருகைப்பதிவேடு ஏன் அப்படி இருந்தது என்று.

சுவர் முழுக்க எல்.பி. இசைத்தட்டுகள், அகர வரிசையில். கீழ்த்தட்டில் பழைய 78 ஆர்.பி.எம். அரக்குத் தட்டுகள், கனம் தாங்காமல் பலகை வளைந்திருக்கும். மேசைமேல் தட்டு சுழலும் மேடை, இரண்டு கேசட் டெக், பாய் தலையில் எப்போதும் ஒரு ஹெட்போன். மார்கழி வந்தால் எம்.எல்.வசந்தகுமாரியின் திருப்பாவை, கார்த்திகைக்கு ஐயப்பன் பாட்டு, நோன்பு மாதத்தில் நாகூர் ஹனிபா. 1984-ல் 'விதி' படத்தின் கதை வசனக் கேசட் வந்தபோது ஊரிலிருந்த டீக்கடை எல்லாம் கோர்ட்டாக மாறியது நினைவிருக்கும். அந்தக் கேசட்டைப் பாய் விற்றார்; ஆனால் தன் கடையில் ஒரு நாளும் போடவில்லை. "வாதாடுறத கேக்க வீட்டுக்குப் போனாப் போதும் தம்பி" என்பார்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்பெனி கேசட் வாங்கினால் ஒரு படத்துப் பாட்டுதான் இருக்கும், அல்லது அவர்கள் சேர்த்துக் கொடுத்த பாட்டு. எல்.பி. வாங்கலாம் என்றால் அதைப் போட்டுக் கேட்கும் பெட்டி நம்மிடம் கிடையாது. ஆகவே வெற்றுக் கேசட் ஒன்று வாங்கி, வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழிதி பாயிடம் கொடுப்போம். நான்கைந்து நாளில் பதிவு செய்து தருவார். சி-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு நிச்சயம், சின்னப் பாட்டாக இருந்தால் ஏழு. சி-90-ல் இன்னும் அதிகம் பிடிக்கும், ஆனால் அதன் நாடா மெல்லிசு. மெஷினில் சிக்கும் என்று பாய் கூடுமானவரை தரமாட்டார்.

பட்டியலைக் கொடுத்ததும் பாய் அதைத் திருத்துவார், நம் பேராசிரியர்கள் கட்டுரை நோட்டைத் திருத்துவது மாதிரி. இந்த இரண்டும் ஒரே நடை, பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். இதைக் கேட்ட காதோடு அடுத்ததைக் கேட்டால் அடுத்தது செத்துப்போகும், நடுவில் ஒரு ஜானகி பாட்டுப் போடுவோம். பக்கம் முடியும் இடத்தில் பாட்டை வெட்டுவது அவருக்குப் பாவம். ஒன்றரை நிமிடம் மிஞ்சினால் அந்த இடத்தை ஒரு வாத்திய இசைத் துண்டால் நிரப்பித் தருவார். 1986-ல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' வந்தது. தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மானிய இசைமேதைக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பு. அதைக் கேட்டுவிட்டுப் பாய் சொன்னது: "இத வெட்டிப் போட எனக்கு மனசு வராது. வேணும்னா முழுசா வாங்கிக்குங்க." நான் வாங்கினேன். பாக் என்ற பெயரை நான் முதலில் கேள்விப்பட்டது அந்த மரப்படி மேலேதான். எந்த வகுப்பிலும் இல்லை.

மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை பதிவு கிடையாது. விளக்கு போடும் நேரம், மின்னழுத்தம் இறங்கும், தட்டின் வேகம் தளரும், எஸ்.பி.பி.க்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிடும். நடுவில் கரண்ட் போனால் அந்தப் பக்கம் முழுவதையும் அழித்து மறுபடி தொடங்குவார். "அந்த ஒரு பாட்டை மட்டும் திரும்பப் போடலாமே பாய்" என்று கேட்டதற்கு, "அப்ப இடைவெளி கணக்கு மாறிடுமே" என்றார்.

எனக்கு அந்தக் கடையில் ஒரு வேலையும் இருந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கேசட் அட்டை எழுதுவேன். பாட்டு, படம், பாடியவர், எழுதியவர், இசை. எழுதியவர் பெயரை விட்டால் அட்டையைக் கிழித்துவிடுவார். பத்து அட்டைக்கு ஒரு கேசட் இலவசப் பதிவு என்று கணக்கு. என் நண்பர்கள் பலரின் காதல் விவகாரம் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்தது இந்த வகையில்தான்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. சட்டப்படி பார்த்தால் பாய் செய்தது தப்பு. 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தை 1984-ல் திருத்தி, சிறைத் தண்டனையை மூன்றாண்டு வரை உயர்த்தினார்கள். நாம் கொடுத்த பதிவுக் கூலியில் பாட்டு எழுதியவருக்கோ இசையமைத்தவருக்கோ ஒரு பைசா போகவில்லை. எழுதியவர் பெயர் இல்லாத அட்டையைக் கிழித்த அதே மனிதர்தான் இதையும் செய்தார். அவருக்கே அது உறுத்தியதோ என்னவோ, ஒரு எல்.பி. தேய்ந்துபோனால் மறுபடி புதிதாகத்தான் வாங்குவார், இன்னொரு கடையில் நகல் எடுக்கமாட்டார். இதை நியாயம் என்று நான் வாதாட வரவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடைக்குப் பாட்டுக்காக வராதவர்கள் வருவார்கள். மஸ்கட்டிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள், கணவன்மார்கள் இருக்கிற குடும்பங்கள். டிரங்க்கால் போட்டால் மூன்று நிமிடத்தில் அழுவதற்கே நேரம் போய்விடும். ஆகவே கேசட்டில் பேசி அனுப்புவார்கள். பேசும் கடிதம். பாய் மைக்கைச் சரிசெய்து, சிவப்பு பொத்தானைக் காட்டிக்கொடுத்து, "முடிஞ்சதும் இத அமுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மரப்படியில் உட்கார்ந்துவிடுவார். முப்பது நிமிடமானாலும் உள்ளே போகமாட்டார். ஹெட்போன் இல்லாத பாயை அப்போதுதான் பார்க்கலாம். ஒருமுறை நான் அவசரமாக அட்டை எடுக்க உள்ளே போகப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தி, "அது அமானிதம் தம்பி" என்றார். ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் என்று அர்த்தம்.

அப்புறம் நான் பெங்களூருக்கு வேலைக்குப் போனேன். புது எல்.பி. வருவது நின்றது, பாய் குறுந்தட்டிலிருந்து பதிவு செய்ய ஆரம்பித்தார். 1999-ல் ஊருக்கு வந்தபோது நான் ஒரு எம்பி3 தட்டைக் கொண்டுபோய்ப் பெருமையாக அவர் மேசையில் வைத்தேன். நூற்றைம்பது பாட்டு பாய், ஒரே தட்டில். இனிமே இதுதான், நீங்களும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிடுங்க. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு அட்டை எங்க தம்பி?" என்றார். அட்டை இல்லை. மார்க்கர் பேனாவால் 'ராஜா ஹிட்ஸ்' என்று நானே கிறுக்கியிருந்தேன். அந்தத் தட்டை நம் வகுப்பில் ஏழெட்டுப் பேருக்கு நகலெடுத்துக் கொடுத்ததும் நான்தான். அன்றைக்கு எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

2004-ல் கடையை மூடினார். தகவல் தெரிந்து போனபோது எல்.பி.க்களை மொத்தமாக ஒருவர் எடுத்துப் போயிருந்தார், சுவரில் கட்டம் கட்டமாக வெளுப்பு. ஒரு பிஸ்கட் டின் மட்டும் மேசையில் இருந்தது. உள்ளே 41 கேசட்டுகள். காசு கொடுத்தும் கொடுக்காமலும், பதிவு செய்தபின் வந்து வாங்காமல் போனவர்களுடையவை. இருபது வருஷத்துக் கேசட் கூட இருந்தது. ஒன்றையும் அவர் அழித்து வேறொருவருக்கு விற்கவில்லை. ஊர்க்காரர்களுடைய 23-ஐத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மிச்சம் 18 நம் கல்லூரிப் பிள்ளைகளுடையவை. அட்டை எல்லாம் என் கையெழுத்து. "உங்களுக்குத்தான் ஆள் தெரியும்" என்று என்னிடம் கொடுத்தார். 2012-ல் அவர் காலமானார். தன் பங்கு 23-ல் எத்தனை மிஞ்சியது என்று கேட்டேன். அவர் மகன், "ஒண்ணுமில்லை அங்கிள், வாப்பா முடிச்சுட்டாங்க" என்றார். என் டின்னில் அன்றைக்குப் பதினொன்று இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

இன்று மூன்று இருக்கிறது. இதோ, பையில் கொண்டுவந்திருக்கிறேன்.

முதலாவது, விடுதி அறை 27, பொருளாதாரம். பி பக்கம் நான்கு பாட்டோடு நிற்கிறது. மீதிப் பட்டியலைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் இதோ மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். பாய்க்குப் பன்னிரண்டு ரூபாய் பாக்கி. அதைச் சங்கத்தின் படிப்புதவி நிதியில் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளவும். இரண்டாவது கேசட் அட்டையில் ஆள் பெயர் இல்லை, "தாவரவியல், சிவப்பு சைக்கிள்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டும் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடல்கள். சிவப்பு சைக்கிள் வைத்திருந்தவர் யாராவது இருந்தால் தயவுசெய்து முன்னால் வாருங்கள்.

மூன்றாவதில் பாட்டு இல்லை. 1986 மார்ச்சில் நம் வகுப்பு நண்பன் ஒருவன் மஸ்கட்டிலிருந்த தன் அண்ணனுக்குப் பேசிய கடிதம். அனுப்புவதற்குள் அண்ணனே விடுமுறையில் வந்துவிட்டதால் வாங்காமல் விட்டிருக்கிறான். 1989-ல் அவன் சாலை விபத்தில் போய்விட்டது உங்களில் பலருக்குத் தெரியும். அவன் குடும்பம் ஊரை விட்டுப் போயிருந்தது. எனக்கு முகவரி கிடைக்கவே இல்லை. போன மாதம் நம் சங்கத்து நண்பர் ஒருவர் மூலம் கிடைத்தது. அந்த அண்ணன் இன்று இந்த அரங்கில் இருக்கிறார். அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இந்தக் கேசட்டை நான் போட்டுப் பார்த்ததில்லை. பூஞ்சை பிடிக்காமல் இருக்க வருஷம் ஒருமுறை பென்சிலால் சுற்றி வைப்பேன், அவ்வளவுதான்.

அண்ணே, வீட்டில் டேப் ரிக்கார்டர் இல்லை என்று போனில் சொன்னீங்க. நான் கொண்டுவந்திருக்கிறேன். பெல்ட் மாற்றி, ஹெட் துடைத்து, வேறு ஒரு கேசட் போட்டுச் சோதித்தாகிவிட்டது. மாடியில் பழைய இயற்பியல் அறையின் சாவியைச் செயலாளர் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கீழே இருப்பார்கள், சத்தம் இருக்காது. முடிஞ்சதும் இடது ஓரத்துப் பொத்தானை அமுக்குங்க. நான் வெளியே படியில் உட்கார்ந்திருப்பேன்.