தண்ணியில நின்ன வண்டி
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழுப் பிரதிநிதி ஒருவர் பேசியது)

குழு ஜெயிச்ச கதையைப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் ஏமாந்த கதையைச் சொல்றேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்.

2015 டிசம்பர் வெள்ளம் முடிஞ்சு ஆறு மாசம் இருக்கும். எங்க குழுவில் 12 பேர். கீரையும் கத்தரிக்காயும் கோயம்பேட்டுக்கு ஏத்திப்போற வாடகையிலேயே பாதிக் காசு போய்க்கிட்டிருந்தது. சொந்தமா ஒரு லோடு வண்டி வாங்கக் கடன் எடுத்தோம். மூணு வருஷம் ஓடின வண்டிக்கு எல்லாரும் இரண்டரை லட்சத்துக்கு மேல கேட்டாங்க. ஒரு புரோக்கர் மட்டும் 1,80,000ன்னார். புது பெயிண்ட், புது சீட் கவர், உள்ளே கமகமன்னு சென்ட் வாசனை. "இன்னும் ரெண்டு வண்டி பார்ப்போமே"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. நான் கேக்கல. தீர்மான நோட்டில் முதல் கையெழுத்து என்னுடையதுதான்.

நாலு மாசம் ஓடுச்சு. அப்புறம் ஒருநாள் விடியக்காலை மூணு மணிக்குப் பூந்தமல்லிகிட்ட விளக்கு எல்லாம் அணைஞ்சு நின்னுடுச்சு. அன்னிக்கு ஏத்தின கீரை அத்தனையும் வாடிப்போச்சு. வயரிங் மாத்தினோம், செல்ஃப் மோட்டார் மாத்தினோம், 35,000 போச்சு. கடைசியில ஒரு மெக்கானிக் தம்பி தரை ரப்பரைத் தூக்கிக் காட்டினார். அடியில பொடிமண் படிஞ்சு கிடந்தது. சீட்டைத் தாங்குற கம்பி முழுக்கத் துரு. வயர் முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. "அக்கா, இது தண்ணியில நின்ன வண்டி"ன்னார்.

பழைய பாலிசி நம்பரை எடுத்துக்கிட்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனோம். ரிப்பேர் செலவு வண்டிக்குப் போட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினா, 'டோட்டல் லாஸ்'னு கணக்கை முடிச்சு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துடுவாங்களாம். மிச்ச வண்டி ஏலத்துக்குப் போகும். எங்க வண்டி அப்படிப் போனதுதான். அமெரிக்காவில் பல மாநிலங்கள்ல இந்த மாதிரி வண்டியோட உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்'னு போட்டுடுவாங்களாம். எங்க கையில இருந்த ஆர்.சி. புத்தகத்தில் அப்படி ஒரு எழுத்துகூட இல்லை. புரோக்கரைக் கேட்டா, "நீங்க கேக்கலையேம்மா"ங்கிறார்!

70,000க்கு, உள்ளதைச் சொல்லியே வித்தோம். மிச்ச நஷ்டத்துக்கு ஆளுக்கு மாசம் 500, ரெண்டு வருஷம் கட்டினோம். ஒருத்தர்கூட குழுவை விட்டுப் போகலை. என்னையும் யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் எனக்கு ராத்திரியில தூக்கம் வராம பண்ணுச்சு.

2019ல் மறுபடியும் அடிபட்ட வண்டிதான் வாங்கினோம். சிரிக்காதீங்க. வலது கதவும் பம்பரும் நசுங்கினது. வித்தவரே இடிச்ச கதையைச் சொல்லி, 40,000 குறைச்சுக்கிட்டார். இந்தத் தடவை மெக்கானிக் தம்பி அடியில படுத்து சேசிஸ் நேரா இருக்கான்னு பார்த்தார். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோட நான் எழுத்தெழுத்தா ஒத்துப் பார்த்தேன். பழைய பாலிசிகளையும் கேட்டு வாங்கினேன். அதுல 'நோ கிளைம் போனஸ்'னு ஒண்ணு இருக்கும். 20, 25ன்னு ஏறிக்கிட்டு வந்தது திடீர்னு சைபர் ஆனா, கிளைம் வாங்கியிருக்கலாம், இல்லேன்னா வண்டி கைமாறியிருக்கலாம். எதுன்னு கேளுங்க. நடுவுல சில மாசம் இன்சூரன்ஸே இல்லேன்னாலும் கேளுங்க. எங்க முதல் வண்டிக்கு அப்படித்தான் இருந்தது.

இப்போ வாசல்ல நிக்குதே, அதுதான் அந்த வண்டி. வலது கதவை ஓங்கி அடிச்சாத்தான் மூடும். பழைய வண்டி பார்க்கப் போறவங்க சொல்லுங்க, மெக்கானிக் தம்பியை அனுப்பி வைக்கிறேன். 500 ரூபாய் வாங்குவார், பஸ் காசு தனி.