ஆலைக்குள் நம்மவர் யார்?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. இம்முறை செயற்குழுவினர் தொழிலகத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்துவிட்டனர். கம்பனும் இளங்கோவும் அடுத்த ஆண்டு வரை பொறுத்துக்கொள்வார்கள். நாளைக் காலை முதல் ஷிப்டுக்குச் செல்ல வேண்டியவர்கள் இங்கே பலர் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே அவர்கள் செல்லும் இடத்தைப் பற்றியே பேசுவோம்.

ஒரு மனிதன் தான் செய்யும் வேலையைத் தன்னுடைய வேலை என்று எப்போது எண்ணுகிறான்? அவ்விடத்தில் உள்ளோர் அவனை நம்மவன் என்று எப்போது ஏற்கிறார்கள்? இவை இரண்டு கேள்விகளாகத் தோன்றினும், நம் கருத்தில் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. நிர்வாகங்கள் முதற் கேள்விக்குத் தீபாவளி இனிப்பையும் விளையாட்டுப் போட்டியையும் விடையாகத் தருகின்றன. இனிப்பை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, குழந்தைகள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் இனிப்புப் பெட்டி ஆண்டுக்கு ஒரு நாள் வருவது. வேலையோ மற்றெல்லா நாளும் இருப்பது.

நாம் வாழும் இந்த அகமதாபாத் மாநகரிலேயே இக்கேள்விக்கு ஒரு விடை தேடப்பட்டது. உலகத்துக் கல்லூரிகளில் அதனைப் பாடமாகப் படிக்கிறார்கள். நம் தெருவில் அறிந்தவர் சிலரே. காலிகோ நிறுவனத்தார் 1952ஆம் ஆண்டில் தானியங்கித் தறிகளை வாங்கி ஒரு கூடத்தில் நிறுவினார்கள். தறிகள் புதியவை, பொறியாளர் கணக்கிட்டுத் தந்த வேலைப் பங்கீடும் இருந்தது. ஆயினும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை, துணியும் பழுதுபட்டது. 1953இல் இலண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிலையத்திலிருந்து ஏ. கே. ரைஸ் என்பவர் வந்து அக்கூடத்தைப் பார்த்தார்.

அவர் கண்டது என்ன? கூடத்தில் 224 தறிகள். நெசவாளி ஒருவர் 24 அல்லது 32 தறிகளைக் கவனித்தார். நூல் தார்களை நிரப்புபவருக்கு 40 அல்லது 50 தறிகள். ஜாபருக்கு 112. எண்ணெய் இடுபவருக்கும் பெருக்குபவருக்கும் 224ம். ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியே சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நெசவாளியின் தறியில் நூல் அறுந்தால், அவருக்கு உதவ வேண்டியவர் அதே வேளையில் வேறொரு நெசவாளிக்கும் கடமைப்பட்டவர். யார் யாருக்குத் துணை என்று எவரும் சொல்ல இயலாது. அருகருகே நின்றார்கள், சேர்ந்து நிற்கவில்லை. ஒரே வீட்டில் பத்து அடுப்பு மூட்டியது போன்ற நிலை அது.

64 தறிகளுக்கு ஒரு குழு, அக்குழுவுக்கு அத்தறிகளின் முழுப் பொறுப்பு என்று ஒரு யோசனையை ரைஸ் முன்வைத்தார். இதன் பின் நடந்ததுதான் நமக்கு முக்கியம். நிர்வாகம் ஆணை பிறப்பித்து ஆட்களைப் பிரித்து நிறுத்தவில்லை. யோசனையைக் கேட்ட தொழிலாளரும் மேற்பார்வையாளரும் தாமே அதனை எடுத்துக்கொண்டு, யாருடன் யார் சேர்வது என்று தமக்குள் பேசிக் குழுக்களை அமைத்தார்கள். ஒருவர் வேலையை மற்றவர் தாங்கினார். பதவிப் படிகளும் குறைந்தன. தறிகளின் செயல்திறன் ஏறத்தாழ நூற்றுக்கு 80இலிருந்து 95க்கு உயர்ந்தது. பழுதுபட்ட துணி 32இலிருந்து 20க்கு இறங்கிற்று. தறிகள் மாறவில்லை, மனிதர்களும் மாறவில்லை. ரைஸ் இதனை 1958இல் நூலாக வெளியிட்டார்.

இவ்வெற்றியை நாம் அளவுக்கு மீறிப் புகழப் போவதில்லை. எரிக் மில்லர் என்ற ஆய்வாளர் 1970இல் மீண்டும் இங்கு வந்து பார்த்தபோது, ஒரு கூடத்தில் மட்டும் குழுமுறை ஏறத்தாழ அப்படியே நிலைத்திருந்தது. மற்றவை பழைய வழிக்குத் திரும்பத் தொடங்கியிருந்தன. நல்ல ஏற்பாட்டை ஒருமுறை செய்துவிட்டால் போதும் என்று எண்ணும் நிர்வாகிகள் இந்த இரண்டாவது வருகையைத்தான் கருத்தூன்றிப் படிக்க வேண்டும்.

இனி, யாருடன் சேர்வது என்று தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை நல்லதுதான். ஆனால் அவ்வாறு தேரும்போது சிலரை எவருமே தேரவில்லையானால் என் செய்வது? இவ்விடத்தில் ஆலைகளின் பழைய வரலாறு ஒன்றை நினைவூட்டத்தான் வேண்டும். அது இனிமையானது அன்று. பம்பாயிலும் அகமதாபாத்திலும் தலித் தொழிலாளருக்கு நூற்புப் பகுதி திறந்திருந்தது. அதைவிட மிகுந்த கூலி தரும் நெசவுப் பகுதியோ மூடியிருந்தது. காரணம் கேட்டால், தார் மாற்றும்போதெல்லாம் நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும்; ஒருவர் வாய்பட்ட நாடாவை மற்றவர் தொடுவது எங்ஙனம் என்றார்கள். 1928ஆம் ஆண்டு பம்பாய் வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பகுதியிலும் எம் மக்களுக்கு இடம் வேண்டும் என்பதையும் கோரிக்கைகளில் சேர்க்குமாறு டாக்டர் அம்பேத்கர் வற்புறுத்தினார். முதலாளியிடம் உரிமை கேட்கப் புறப்பட்ட தொழிலாளரிடமே அவர் இதனைக் கேட்க வேண்டியிருந்தது! தானியங்கித் தறி வந்தபின் நூலை உறிஞ்சும் தேவையே இல்லாது போயிற்று. சாக்குப் போயிற்று, வழக்கம் அத்துடன் போய்விடவில்லை.

இந்நகரின் தொழிற்சங்க வரலாறு பெருமைக்குரியது. 1918இல் அண்ணல் காந்தியடிகள் ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்று உண்ணாநோன்பு இருந்தார். ஆலை முதலாளிகளின் தரப்பில் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் தரப்பில் அவருடைய உடன்பிறந்த அனசூயா அம்மையார். 1920இல் மஜூர் மகாஜன் என்னும் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் மகளிர் பிரிவிலிருந்து எழுந்ததே 1972இல் ஈலா பட் அம்மையார் தோற்றுவித்த சேவா. தலைச்சுமை தூக்குவோரும் தெருவில் விற்போரும் கொண்ட சங்கம் அது. முதலாளி என்று ஒருவர் இல்லாதவர்களுக்குச் சங்கம் ஏது என்று பதிவு செய்யவே முதலில் தயங்கினார்கள். 1981இல் இட ஒதுக்கீட்டை எதிர்த்துக் கலவரம் மூண்டபோது அம்மையார் தலித் மக்கள் சார்பில் குரல் கொடுத்தார். அதனை ஒட்டித் தாய்ச் சங்கமே சேவாவை வெளியேற்றிற்று. உரிமைக்காகப் பிறந்த அமைப்பும் தன் வாசலைச் சாத்தக் கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

ஆலைகள் பல 1980களிலும் 1990களிலும் மூடப்பட்டுவிட்டன. அவற்றை நம்பி வந்து மணிநகரிலும் கோக்ராவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று மருந்துத் தொழிற்சாலையிலும் வங்கியிலும் கணினி நிறுவனத்திலும் இருக்கிறார்கள். மொழி தெரியாமல், உணவு ஒவ்வாமல், "மதராஸி" என்று அழைக்கப்பட்டு, பின்னர் மெல்ல மெல்ல இவ்வூராராக ஏற்கப்பட்டது நம் பெற்றோரின் அனுபவம். அன்று அவர்கள் நின்ற இடத்தில் இன்று நிற்பவர்கள் யார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்தக்காரர் மூலம் வந்து சேரும் இளைஞர்கள். ஒரே இயந்திரத்தின் முன் ஒரே வேலையைச் செய்கிறார்கள். சட்டையின் நிறம் வேறு, உணவுக்கூடத்தில் வரிசை வேறு, குடியிருப்பில் இடமே இல்லை. அவர்களுள் எவரையும் பெயர் சொல்லி அழைக்காமல் "காண்டிராக்ட்" என்றே விளிக்கும் வழக்கம் பல ஆலைகளில் உண்டு. அப்படி அழைக்கப்படுபவன் அந்த இயந்திரத்தைத் தன்னுடையது என்று எண்ண வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு பெரிய நியாயம்!

மற்றொன்றும் உண்டு, தாய்மொழிப் பற்றில் நம்மை எவரும் குறைவாக எண்ணமாட்டார்கள் என்ற துணிவில் கூறுகிறோம். சங்கத்தில் தமிழ் பேசுவோம், இல்லத்தில் தமிழ் பேசுவோம். ஆனால் வேலை பற்றிய பேச்சு நடக்கும்போது, அருகில் தமிழறியாத ஒருவர் நின்றுகொண்டிருக்க, இரு தமிழர் தமக்குள் தமிழில் முடிவு செய்வாராயின் மூன்றாமவர் என்ன எண்ணுவார்? கொதிகலன் அருகில் அது மரியாதைக் குறைவு மட்டும் அன்று, ஆபத்தும் ஆகும். நல்ல தமிழன் நல்ல குஜராத்தியும் பேசுவான்.

பெண்கள் பற்றிச் சுருங்கக் கூறுவோம். சட்டம் ஏற்கெனவே பேசியிருக்கிறது. 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் திருத்தம் விதித்தது. அவ்வறை உள்ளதா, அல்லது பழைய கோப்புகள் அடுக்கும் அறையாக இருக்கிறதா என்று நம் தாய்மார்கள் நேரில் சென்று பார்க்கட்டும்.

தொழிலாளரும் நிர்வாகமும் ஒரே மேசையில் அமரும் பணிக்குழு, 100 பேர் உள்ள தொழிலகங்களுக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சொல்லப்பட்டது. 2020இல் பாராளுமன்றம் இயற்றிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பும் அதனை விடவில்லை. 20 பேர் உள்ள இடத்திலும் குறைதீர்க்கும் குழு வேண்டும், அதில் பெண்களுக்கு உரிய இடம் வேண்டும் என்கிறது. ஆனால் ஏட்டில் உள்ள குழு கூடுவதும் கூடாததும் அதில் அமர்வோரைப் பொறுத்தது. தேநீரும் பிஸ்கோத்தும் அருந்திக் கையொப்பமிட்டுக் கலையும் கூட்டங்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். குடிநீர்க் குழாய் எங்கே வைப்பது என்பது போன்ற சிறு பொருளாயினும், அதனை முடிவு செய்யும் அதிகாரம் குழுவுக்கு இருக்குமானால் அடுத்த கூட்டத்திற்கு ஆள் வரும்.

இவ்வாண்டு சங்கம் ஒரு சிறு காரியத்தைச் செய்ய எண்ணியுள்ளது. நம் படிப்பறையில் வாரம் ஒரு மாலை குஜராத்தியும் இந்தியும் கற்பிக்கப்படும். தமிழகத்திலிருந்து புதிதாக வந்தோர்க்கு மட்டும் அன்று. ஒப்பந்தத் தொழிலாளர்க்கும், அவர் எம்மொழியினராயினும், கதவு திறந்திருக்கும். குறைதீர்க்கும் குழுவுக்கு மனு எழுதத் தெரியாதவர்க்கு அங்கேயே எழுதித் தரவும் ஏற்பாடு உண்டு. கற்பிக்க முன்வருவோர், குறிப்பாகப் பகற்பொழுதில் ஓய்வுள்ள தாய்மார்கள், விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டுகிறோம்.